கியூ6600 புராசஸரை 3 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, ரேமைப் பிழையின்றி ஓட வைத்தல்

இன்டெல்லின் கோர் 2 குவாட் கியூ6600 புராசஸர் 2007 ஜனவரியில் வெளிவந்தது. நான்கு கோர்களும் 8 எம்பி கேச்சும் கொண்ட அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும்படி விற்கப்பட்டது. நல்லதொரு பி35 அல்லது பி45 சிப்செட் மதர்போர்டில் அதை 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவது எளிது. கொண்டுபோன பிறகு மாதக்கணக்கில் பிழையின்றி ஓட வைப்பதுதான் கடினம். அந்தக் கடினத்தில் பெரும்பகுதி புராசஸரைவிட ரேமையே சார்ந்தது.

இந்தத் தலைமுறைக் கணினியில் புராசஸரின் வேகம் என்பது எஃப்எஸ்பி (புராசஸரை மதர்போர்டின் நார்த்பிரிட்ஜ் சிப்போடு இணைக்கும் பாதை) வேகத்தை மல்டிப்ளையர் என்ற பெருக்கெண்ணால் பெருக்கி வருவது: 266 மெகாஹெர்ட்ஸை 9ஆல் பெருக்கினால் 2400. மல்டிப்ளையரை 9க்கு மேல் ஏற்ற முடியாதபடி இன்டெல் பூட்டிவைத்திருப்பதால், எஃப்எஸ்பியை உயர்த்துவது ஒன்றே வழி. ஆனால் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இங்கே புராசஸருக்குள் இல்லை, மதர்போர்டின் நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருக்கிறது. ஆகவே எஃப்எஸ்பியைத் தொட்டால் புராசஸர், நார்த்பிரிட்ஜ், ரேம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே ஏறும். கணினி உறைந்து நின்றால் மூன்றில் எது தாங்கவில்லை என்பது தெரியாது. இதற்கு மருந்து, இரண்டைப் பாதுகாப்பான நிலையில் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் நகர்த்துவதே.

தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ரேமில் ஏற்படும் பிழை எப்போதும் நீலத்திரையாக வெளிப்படுவதில்லை. சில வேளைகளில் அது சத்தமில்லாமல் கோப்புக்குள் எழுதப்பட்டு, நெடுநாள் கழித்துத் திறக்காத புகைப்படமாகத் தலைகாட்டும். அடுத்து, கேபினெட்டைத் திறந்து புராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்றின் தலை உப்பியிருந்தாலும் இந்த முயற்சியை அத்தோடு விட்டுவிடுவதே நல்லது.

கியூ6600இல் இரண்டு வகைகள் உண்டு. முதலில் வந்த பி3 வகை 105 வாட், பின்னர் வந்த ஜி0 வகை 95 வாட். புராசஸரின் மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்று பொறித்திருந்தால் அது ஜி0. சிபியு-இசட் மென்பொருளும் இதைக் காட்டும். பி3 வைத்திருப்பவர்கள் கூலரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

எல்ஜிஏ775 சாக்கெட்டுக்கான இன்டெல் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கருப்புத் தலையையும் ‘கிளிக்’ என்று கேட்கும்வரை, மூலைக்கு எதிர்மூலையாக அழுத்த வேண்டும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் ஊசியின் வெள்ளை முனை இரண்டாகப் பிளந்து விரிந்து, நடுவில் கருப்புக் குச்சி தெரிய வேண்டும். நான்கில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு எவ்வளவு விலையுயர்ந்த தெர்மல் பேஸ்ட் தடவினாலும் பயனில்லை. காய்ந்துபோன பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும்.

இப்போது எதையும் மாற்றாமல், இயல்பு வேகத்திலேயே, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவிலிருந்து இயக்கி ஓர் இரவு முழுதும் விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது பிழைதான். இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. டிடிஆர்2 ரேமின் நியம வோல்டேஜ் 1.8, ஆனால் அந்நாளில் விளையாட்டாளர்களுக்கென்று விற்கப்பட்ட பல ரேம்களின் லேபிளில் 2.0 அல்லது 2.1 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடமான பயாஸ் ‘ஆட்டோ’வில் இருந்தால் போர்டு 1.8 வோல்ட்தான் கொடுக்கும். ஓவர்கிளாக் செய்யாமலேயே, அதாவது இயல்பு வேகத்தை உயர்த்தாமலேயே, பிழை வருவதற்கு இது போதும். லேபிளில் உள்ள வோல்டேஜையும் டைமிங்கையும் (ரேமின் செயல்களுக்கு இடையிலான காத்திருப்பு அளவுகள்) கையால் பயாஸில் எழுதிவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.

பயாஸில் முதலில் செய்ய வேண்டியது ‘ஆட்டோ’ என்ற சொல்லை இயன்றவரை ஒழிப்பது. எஃப்எஸ்பி ஏறும்போது பல போர்டுகள் தாமாகவே தேவைக்கு மேல் வோல்டேஜை ஏற்றிவிடுகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸிலும் பிசிஐ வேகத்தை 33 மெகாஹெர்ட்ஸிலும் பூட்டுங்கள். கடிகார வேகத்தைச் சற்றே அலையவிடும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரமை அணைத்துவிடுங்கள். வேலையில்லாத நேரத்தில் மல்டிப்ளையரை 6க்கு இறக்கும் சி1ஈ, ஈஐஎஸ்டி ஆகிய இரண்டையும் சோதனை முடியும்வரை மட்டும் நிறுத்திவையுங்கள்.

முதல் சோதனை நார்த்பிரிட்ஜுக்கானது. மல்டிப்ளையரை 9க்கு மேல் ஏற்ற முடியாதே தவிர, 6வரை இறக்கலாம். அதை 6ஆக்கி எஃப்எஸ்பியை 333க்கு உயர்த்தினால் புராசஸர் ஏறத்தாழ 2 கிகாஹெர்ட்ஸில், தன் இயல்பு வேகத்துக்கும் கீழே, சிரமமின்றி இருக்கும். ரேம் விகிதத்தை (ரேமின் வேகத்துக்காக எஃப்எஸ்பியைப் பெருக்கும் எண்) ஆகக் குறைவாக, அதாவது 2.0இல் வையுங்கள், ரேம் 667இல் ஓடும். இந்த நிலையில் கணினி தடுமாறினால் குற்றவாளி நார்த்பிரிட்ஜ்தான். பி35 சிப்செட்டுக்கு இயல்பு 1.25 வோல்ட், அதிலிருந்து 0.1 வோல்ட்வரை ஏற்றிப் பார்க்கலாம். நான்கு ஸ்லாட்டுகளிலும் ரேம் செருகியிருப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் பெரும்பாலும் தேவைப்படும்.

அடுத்தது புராசஸர். ரேம் விகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, மல்டிப்ளையரை 9க்குத் திருப்புங்கள். எஃப்எஸ்பியை 266க்கு இறக்கி, அங்கிருந்து 333வரை பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் விண்டோஸுக்குள் சென்று பிரைம்95 நிரலின் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டினால் போதும். நீண்ட சோதனை கடைசிப் படிக்குத்தான். (மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. ஒரு பிட் தவறினாலும் அதன் கணக்கு உடைந்துவிடும் என்பதால் ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு உரைகல்லாகிவிட்டது.) ஏதேனும் ஒரு கோர் பிழை காட்டி நின்றால் வீகோர் என்ற, புராசஸர் கோர்களுக்குச் செல்லும் வோல்டேஜை பயாஸ் தரும் ஆகச் சிறிய அளவில் ஏற்றுங்கள். விண்டோஸ் 7இல் 101 என்ற எண்ணுடன் நீலத்திரை வந்தால் அதுவும் பெரும்பாலும் வீகோர் போதாமையையே சொல்கிறது. பயாஸில் எழுதிய வோல்டேஜைவிடச் சுமையின்போது சிபியு-இசட் குறைவாகக் காட்டுவது பழுதன்று. இன்டெல் வேண்டுமென்றே வைத்த இறக்கம் அது.

வோல்டேஜில் ஏன் இத்தனை சிக்கனம் என்றால், வெப்பம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது, வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறுகிறது. 2.4இலிருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்குப் போவதால் மட்டும் 25 சதவீதம் கூடுகிறது. அதோடு வீகோரை 1.25இலிருந்து 1.35 ஆக்கினால் மொத்தக் கூடுதல் ஏறக்குறைய 46 சதவீதமாகிவிடும். கோர் டெம்ப் மென்பொருளில் முழுச் சுமையின்போது 70 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். இந்தச் சோதனையை மார்கழி இரவில் செய்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். சித்திரை மதியத்தில் அறையின் வெப்பம் ஏறுமளவுக்குக் கோரின் வெப்பமும் ஏறும்.

333இல் புராசஸர் நிலைத்த பிறகுதான் ரேமின் முறை. விகிதம், இயல்பான 266இல் 800 தரும் 3.0ஆகவே விடப்பட்டிருந்தால் 800 வேக ரேம் 1000இல் ஓட முயன்று கணினி எழும்பாமலே போயிருக்கும். முதல் முயற்சியிலேயே கைவிட்டவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுவே. 333க்கு 2.4 என்ற விகிதம் கச்சிதமாக 800 தரும். சில போர்டுகள் விகிதத்தைக் காட்டாமல் இறுதி வேகத்தையே காட்டும். அங்கே 800ஐத் தேர்ந்தெடுங்கள். டைமிங் 5-5-5-18 போன்ற தளர்வான அளவில் இருக்கட்டும். 2 ஜிபி ரேம்களில் பரவலாக உள்ள 1 ஜிகாபிட் சிப்களுக்கு டிஆர்எஃப்சி என்ற இடைவெளி (ரேம் தன் தரவைப் புதுப்பித்துக்கொள்ள எடுக்கும் நேரம்) 127.5 நானோசெகண்டு தேவை. 800 வேகத்தில் அது 51 சுழற்சி. போர்டு அங்கே 42 அல்லது அதற்கும் குறைவாக வைத்திருந்தால் 52 என்று மாற்றுங்கள். காரணம் தெரியாமல் எப்போதாவது வரும் பிழைகள் பல இந்த ஒரே வரியில் அடங்கிவிடும்.

மீண்டும் ஓர் இரவு மெம்டெஸ்ட்86+. அதில் தேறினால் பிரைம்95இன் ‘பிளெண்ட்’ சோதனையை எட்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்மால் எஃப்எஃப்டியில் தேறிய கணினி பிளெண்டில் விழுந்தால் வீகோரைத் தொடாதீர்கள். ரேம் வோல்டேஜை லேபிளில் உள்ள எல்லைக்குள் 0.05 ஏற்றுங்கள், அல்லது விகிதத்தை 2.0க்கு இறக்கி 667இலேயே விட்டுவிடுங்கள். அன்றாட வேலையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

400ஐ 9ஆல் பெருக்கி 3.6 கிகாஹெர்ட்ஸ் எட்டியவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஜி0 சிப்பும் பெரிய கூலரும் இருந்தால் அது கிட்டும். ஆனால் பழைய போர்டின் மின்சுற்றை அந்த அளவுக்கு வாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாம் தேறிய பின் சி1ஈ, ஈஐஎஸ்டி இரண்டையும் மீண்டும் இயக்கிவிட்டு, பயாஸ் அளவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரேம் வோல்டேஜும் அப்போது 1.8க்கே போய்விடும்.