சிக்னல் இல்லாத ஊருக்குச் செயலி எழுதுபவர்கள் கடவுச்சொல்லில் செய்யும் தவறுகள்

இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமங்களில் பால் சேகரிப்பவர்களுக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். விடியற்காலையில் வீடு வீடாகப் பாலை அளந்து கைபேசியில் பதிவார்கள். மாங்குளம் சந்திக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் பதிவுகள் தாமாகவே சேவையகத்துக்குப் போய்விடும். ஒருநாள் அவர்களில் ஒருவரின் பழுதான கைபேசி என்னிடம் வந்தது. யாரோ அதை ஏற்கெனவே ரூட் செய்திருந்தார்கள், அதாவது எல்லாக் கோப்புகளையும் திறக்கும்படி அதன் தடைகளை உடைத்திருந்தார்கள். செயலியின் கோப்பைத் திறந்தேன். அவருடைய கடவுச்சொல் வெறும் எழுத்தாக அங்கே கிடந்தது. தன் மின்னஞ்சலுக்கும் அவர் அதையேதான் வைத்திருந்தார். அப்படிச் சேமித்தது என் கை.

முதல் தவறு அதுதான். சிக்னல் வந்ததும் ஆளைக் கேட்காமலே உள்நுழைய வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல்லையே சேமித்துவிடுகிறோம். அது தேவையில்லை. முதல்முறை உள்நுழையும்போது சேவையகத்திடம் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு கடவுச்சொல்லை மறந்துவிட வேண்டும். போர்க்காலத்தில் வவுனியாவில் பயண அனுமதிக்கான பாஸ் எடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கனை விளக்குவது எளிது: யாருக்கு, எதுவரை என்று அதில் இருக்கும், கொடுத்தவர் நினைத்தால் ரத்துச் செய்யலாம். கைபேசி தொலைந்தால் அந்த ஒரு கைபேசியின் டோக்கனை மட்டும் ரத்துச் செய்தால் போதும்.

இதிலும் நகரத்தில் இருந்து எழுதுபவர்களுக்குத் தெரியாத ஒரு பள்ளம் உண்டு. காலாவதியாகும் டோக்கனுக்குப் பதில் புதியதைக் கேட்டுப் பெற உதவும் புதுப்பிக்கும் டோக்கனை ஒருமுறை பயன்படுத்தியதும் சேவையகம் புதியதைத் தந்து பழையதைச் செல்லாததாக்குவது நல்ல பழக்கம். ஆனால் ஒட்டுசுட்டான் வீதியில் ஓடும் பஸ்ஸில் பதில் வந்துகொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்துவிடும். கைபேசியிடம் இருப்பது பழைய டோக்கன். அதை மறுபடி அனுப்பியதும், திருடன் வந்துவிட்டான் என்று எண்ணிச் சேவையகம் எல்லாவற்றையும் ரத்துச் செய்துவிடும். பழைய டோக்கனுக்குச் சிறிது நேரமாவது சலுகை கொடுங்கள். இல்லாவிட்டால் நேர்மையான மனிதர்தான் வெளியே நிற்பார்.

அடுத்தது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது. பேஸ்64 என்பது பூட்டே அல்ல, எழுத்தை மாற்றி எழுதும் முறை மட்டுமே. மறைகுறியாக்கும் சாவியைச் செயலியின் நிரலுக்குள் எழுதிவைத்தாலும் செயலியைப் பிரித்துப் பார்ப்பவர் அதை எடுத்துவிடுவார். ஆண்ட்ராய்டில் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் கீஸ்டோர் இருக்கிறது. 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறையின் சாவிகளையும் அதற்குள்ளேயே உருவாக்கலாம். ஐபோனில் அதே வேலைக்குக் கீசெயின். ஆனால் திரை பூட்டியிருக்கும்போதும் பின்னணியில் தரவு போக வேண்டுமானால், கைபேசியைத் தொடங்கி முதல்முறை திறந்தபின் எப்போதும் கிடைக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டைப்பையில் கிடக்கும் கைபேசிதான் சந்தியைத் தாண்டும்போது தரவை அனுப்புகிறது.

கீஸ்டோர் சாவி கைபேசியை விட்டு வெளியேறாது. ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புப்பிரதியோ கோப்பை மேகக்கணினிக்குக் கொண்டுபோகும். புதிய கைபேசியில் அந்தக் கோப்பு திரும்பி வரும்போது திறக்கச் சாவி இருக்காது, செயலி முறிந்து விழும். டோக்கன் கோப்பைக் காப்புப்பிரதியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

செயலியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தாராளமாக நம்புகிறோம். மொத்தம் 10,000 எண்கள்தான். ஷா-256 என்ற முறையால் ஹாஷ் செய்து, அதாவது நேராகத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி வைத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். ஆர்கான்2ஐடி போன்ற மெதுவான முறைகூட இவ்வளவு சிறிய எண்ணுக்குப் போதாது. கீஸ்டோர் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டால், கோப்பை மட்டும் எடுத்துப்போனவரால் ஒன்றும் செய்ய முடியாது.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று: உள்நுழைவையும் அனுப்பாத பதிவுகளையும் ஒரே முடிச்சில் கட்டுவது. டோக்கன் காலாவதியானதும் உள்ளூர்த் தரவை அழிக்கும்படி சிலர் எழுதுகிறார்கள், பாதுகாப்பு என்ற பெயரில். மழை நாட்களில் சிக்னல் பக்கமே வராத ஒருவரின் மூன்று நாள் பால் கணக்கு அதோடு போய்விடும். மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு அது காசு. கைரேகையோடு இணைத்த சாவியும் இப்படித்தான். கைபேசியில் புதிதாக ஒரு கைரேகை சேர்க்கப்பட்டால், இயல்பான அமைப்பில் அந்தச் சாவி செல்லாமல் போகும். டோக்கனை அதனால் பூட்டினால் மறுபடி உள்நுழையலாம். பதிவுகளைப் பூட்டினால் அவை திரும்பாது. பதிவுகளுக்குத் தனிச்சாவி வையுங்கள்.

வன்னியில் ஒரே கைபேசி காலையில் தகப்பனிடமும் மாலையில் மகளிடமும் இருக்கும். அனுப்பும் நேரத்தில் உள்நுழைந்திருப்பவரின் பெயரைப் பதிவில் போடாதீர்கள். அளந்தவரின் அடையாளம் அளந்த கணத்திலேயே பதிவோடு சேர வேண்டும்.

செயலி தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பிழைப்பதிவுகளில் டோக்கனை எழுதிவிடாதீர்கள் என்பதை நீட்டத் தேவையில்லை.

வெளியிடும் முன் ஒரு கைபேசியை மூன்று நாள் விமானப் பயன்முறையில் வைத்துப் பதியுங்கள். நடுவில் ஒரு கைரேகையைச் சேருங்கள், சேவையகத்தில் டோக்கனை ரத்துச் செய்யுங்கள். பிறகு சிக்னலைத் திறந்து, மறுபடி உள்நுழைந்து, மூன்று நாள் பதிவும் ஒன்று குறையாமல் போய்ச் சேர்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.