ஆய்வுகூடத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி: உங்கள் முகத்துக்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்வது எப்படி?

நியமிப்புப் பரிசோதனையில் அளவுகோடிட்ட நீண்ட குழாயான அளவியின் வாய் கண்மட்டத்துக்கு மேலே இருக்க, அண்ணாந்து பார்த்தபடியே பலர் புனலில் சோடியமைதரொட்சைட்டு என்ற காரத்தின் கரைசலை ஊற்றுகிறார்கள். புனல் வழிந்தால் கரைசல் முகத்துக்குத்தான் வரும். காரம் கண்ணுக்கு அமிலத்தைவிடக் கொடியது. அமிலம் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்வதால், உறைந்த படையே அதை ஓரளவு தடுத்துவிடுகிறது. காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இதை நன்றாக அறிந்தவர்கள்கூடக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருகோணமலை வெக்கையில் பொருந்தாத கண்ணாடி இறுக்கும், வியர்க்கும், மங்கும். உறுத்தாத கண்ணாடியைத்தான் வேலை முடியும்வரை யாரும் கழற்றாமல் இருப்பார்கள். உயர்தர மாணவர்களுக்கும், கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கும், மருத்துவ ஆய்வுகூடத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வகையைப் பாருங்கள்

ஹாட்வெயார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை இரும்பு அராவுவோருக்கானவை. அவற்றில் ‘இசட் 87+’ என்ற அமெரிக்கக் குறி இருந்தால், பறந்துவரும் துண்டுகளின் மோதலைத் தாங்கும் என்றுதான் பொருள். திரவம் பக்கவாட்டில் புகுவதை அவை தடுக்கமாட்டா. அமிலம், காரம், இரத்த மாதிரி ஆகியவற்றுடன் வேலை செய்வோருக்கு, கண்ணைச் சுற்றி முகத்தோடு ஒட்டி நிற்கும் நாடா வைத்த மூடிய கண்ணாடி வேண்டும். கண்ணாடியின் சட்டகத்தில் அமெரிக்க முறையில் ‘டி 3’ (D3), ஐரோப்பிய ‘ஈஎன் 166’ முறையில் ‘3’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். துளி, தெறிப்புக்கு உரிய குறி அதுதான்.

காற்றுத்துளையையும் கவனியுங்கள். துளை வழியாக வெளிச்சம் நேரே தெரிந்தால் திரவமும் நேரே உள்ளே வரும். மூடிபோட்டு, காற்று வளைந்து நுழையும்படி அமைந்த துளையே நமக்கு உகந்தது.

படி 2: அளவு

பெரிய தலைக்கு அளவெடுத்துச் செய்த கண்ணாடிகளே அதிகம் விற்பனையாகின்றன. சிறிய முகம் உள்ளவர்கள் ‘எச்’ என்ற குறியைத் தேடலாம். இரண்டு முறைகளிலும் அது சிறிய தலைக்கான குறி. ஒரே அளவில் ஒரு பெட்டி வாங்கி வகுப்பு முழுவதற்கும் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

படி 3: போட்டுச் சோதியுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதலில் நாடாவைத் தளர்த்தி, கண்ணாடியை முகத்தில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக இறுக்குங்கள். நாடா பின்னந்தலையில் முறுக்கில்லாமல் படிய வேண்டும். உச்சிக்கு ஏறினால் கன்னத்தருகே இடைவெளி விழும். தலையில் எண்ணெய் அதிகமென்றால் நாடா வழுக்கும். பர்தா அணிபவர்கள் துணியின் ஓரம் விளிம்புக்கு அடியில் அகப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புருவமத்தியில் ஒட்டுப்பொட்டு இருந்தால் அதுவும் விளிம்பைத் தூக்கும்.

இனிக் குனியுங்கள், தலையை ஆட்டுங்கள், வாயைத் திறந்து பேசுங்கள். நகரக்கூடாது. மூக்கின் இரு பக்கங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. கண்களை இறுக மூடிக்கொண்டு கைகழுவும் தொட்டியருகே நில்லுங்கள். தோழர் ஒருவர் கழுவு போத்தலில் வெறும் தண்ணீர் எடுத்து, நெற்றியிலும் பக்கவாட்டிலும் கன்னத்துக்குக் கீழிருந்தும் பீச்சட்டும். முகத்தை வெளிப்புறமாகத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுங்கள். இமையோ புருவமோ நனைந்திருந்தால் நாடாவைத் திருத்தி மறுபடி பாருங்கள். அப்போதும் நனைந்தால் அந்தக் கண்ணாடி உங்களுக்கானது அல்ல.

பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதற்கு மேல் போடக்கூடிய அகலமான வகையை வாங்கி, இரண்டையும் சேர்த்தே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பார்வைக் கண்ணாடி மட்டும் போதும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

படி 4: மங்காமல் இருக்க

குளிரூட்டிய கருவி அறையில் வில்லை குளிர்ந்துவிடும். அங்கிருந்து வெளியே வந்ததும் ஈரக்காற்று அதில் பனித்துளியாகப் படிகிறது. வில்லை சூடேறித் தெளியும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். முகக்கவசம் அணிந்தால் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்துங்கள். மூச்சு மேலே போவது குறையும். ஐரோப்பிய முறையில் வில்லையிலுள்ள ‘என்’ என்ற குறி, அது மங்கலை எதிர்க்கும் என்பதைக் காட்டும். அந்தப் பூச்சு உட்புறத்தில் இருந்தால் அங்கே அழுத்தித் தேய்க்காதீர்கள்.

படி 5: பேணுதல்

கடற்காற்று வரும் யன்னலருகே தொங்கும் கண்ணாடியில் உப்பும் நுண்மணலும் படியும். சேலைத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ உலர்ந்தபடி துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் குழாய்த் தண்ணீரில் அலசி, மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நிழலில் உலர விடுங்கள். பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக் வில்லையில் அசற்றோன் என்ற கரைப்பான் பட்டால் வெளுத்து வெடிப்புவிடும். எனவே கறை போக்க அதைத் தொடவே வேண்டாம். பார்வைக்கு நேரே கீறல் விழுந்தாலோ நாடா இழுவை இழந்தாலோ புதிதாக வாங்குங்கள்.

நாடாவில் உங்கள் பெயரை அழியாத மையால் எழுதி, தனிப் பையில் வையுங்கள். வேறொருவர் எடுத்து நாடாவைத் தளர்த்திவிட்டால் தண்ணீர்ச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.