குரோன் நோயில் முதுகுவலி, மூட்டுவலி: வழக்கமாக நடக்கும் தவறுகள்

குரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கு வருடக்கணக்காக மருந்து சாப்பிடும் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். நேராக எலும்பு டாக்டரிடம் போவார். அங்கே வயிற்றுக் கதையை எடுக்க மாட்டார், போனது இடுப்புக்காகத்தானே. அப்புறம் குடல் டாக்டரிடம் செக்கப்புக்குப் போகும்போது இடுப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டார், அவர் வயிற்று டாக்டர் ஆயிற்றே. இந்த நோயில் மூட்டு விஷயமாக நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

குரோன் குடலோடு நிற்கிற நோய் இல்லை. நம் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அதே அழற்சி மூட்டு, கண், தோல் என்று மற்ற இடங்களிலும் தலைகாட்டும். குடலுக்கு வெளியே அதிகம் அடிபடுவது மூட்டுகள்தான். சிலருக்கு வயிற்றுப்போக்கோ எடைக்குறைவோ தெரிவதற்குச் சில வருடம் முன்பே மூட்டுவலி வந்துவிடுவதும் உண்டு. வயிற்றுக்கு ஒரு ஃபைல், முதுகுக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படாது.

"டிஸ்க்தான்" என்று முடிவு கட்டுவது

இருபத்தைந்து, முப்பது வயதுப் பையன். ராத்திரி மூன்று மணிக்கு வலியில் விழிப்பு வருகிறது. புரண்டு படுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுந்து ஹாலில் நாலு நடை நடந்தால் கொஞ்சம் விடுகிறது. விடிந்ததும் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிய முடியாமல் வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றி நிற்கிறான். பதினோரு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல நடமாடுகிறான், சாயங்காலம் பைக் ஓட்டுகிறான். "காலையில கடைக்குப் போகச் சொன்னா மட்டும் இடுப்பு வலி வந்துடும்" என்று வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா?

ஆனால் அழற்சியால் வரும் முதுகுவலி இப்படித்தான் இருக்கும். பாரம் தூக்கியோ டிஸ்க் விலகியோ வரும் வலி, வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி அதற்கு நேரெதிர்: ஓய்வெடுத்தால் இறுகும், நடமாடினால் இளகும். பெரும்பாலும் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பிக்கும். "அன்றைக்குக் குனிந்தபோது பிடித்தது" என்று ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. மெல்ல மெல்ல வந்து மூன்று மாதத்தையும் தாண்டி நிற்கும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். புட்டத்தில் ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று வலி மாறி மாறி வருவது முக்கியமான அடையாளம்.

காரணம், அழற்சி முதலில் பிடிக்கும் இடம் பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது மேலே ஏறி, முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் போகும்.

இங்கே ஸ்கேன் விஷயத்தில் ஒரு குழப்பம் நடக்கிறது. "இடுப்பு வலி" என்றதும் கீழ்முதுகுக்குத்தான் எம்.ஆர்.ஐ. எழுதப்படும். வலியே இல்லாத பலருக்கும் அதில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது தெரியும். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று பார்த்ததும் பெல்ட், பெட் ரெஸ்ட், டிராக்‌ஷன் என்று வண்டி வேறு பாதையில் போய்விடும். அந்த ஸ்கேனில் சாக்ரோஇலியாக் மூட்டு சரியாக விழுவதே இல்லை. அதற்குத் தனியாக எழுத வேண்டும். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பத்தில் நார்மலாகவே வரலாம். முதுகெலும்பு அழற்சியோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. குடல் நோயோடு சேர்ந்து வரும் முதுகெலும்பு அழற்சியில், மற்ற வகையைவிட அந்த மரபணு குறைவாகவே காணப்படுகிறது.

வலி மாத்திரை

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் போன்றவை ஒரே குடும்பம். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இவை தடுக்கின்றன. குடலின் உள்சுவரைப் பாதுகாப்பதிலும் அதே பொருளுக்குப் பங்கு உண்டு. ஆக வலி குறையும்போதே குடலின் காப்பும் குறைகிறது. நல்ல குடல் உள்ளவருக்குக்கூட இவை புண் உண்டாக்கலாம். குரோன் உள்ளவருக்கு அடங்கியிருந்த நோயை மறுபடி கிளப்பிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் மெடிக்கல் ஷாப்பில் யாரும் டைக்ளோஃபினாக் என்று கேட்பதில்லை. "அண்ணா, இடுப்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்போம், அவர் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். கத்தரித்ததில் பெயரே போயிருக்கும். புரூஃபென் என்பது ஐபுப்ரொஃபென். காம்பிஃப்லாமில் அதோடு பாராசிட்டமாலும் இருக்கிறது. வோவெரான் என்பது டைக்ளோஃபினாக். ஜீரோடால்-பி என்பது அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும். பல் டாக்டர் தருவது, மாதவிடாய் வலிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தருவது எல்லாம் அநேகமாக இந்தக் குடும்பமாகத்தான் இருக்கும். அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கும் பழக்கம் இந்த நோயாளிக்குக் கட்டாயம் வேண்டும்.

"மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொண்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசியும் ரத்தம் வழியாகக் குடலுக்கு வந்துதான் சேரும், பாதிப்பும் வரும். இன்னொரு நம்பிக்கை, கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டால் பரவாயில்லை என்பது. பான்டோபிரசோல் போன்றவை இரைப்பையையும் அதை ஒட்டிய முன்சிறுகுடலையும்தான் காக்கும். குரோன் அதிகம் குடியிருப்பதோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கே கேஸ் மாத்திரையின் பாதுகாப்பு எட்டாது.

அப்படியென்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? வேண்டாம். சாதாரண வலிக்கு, கல்லீரல் கோளாறு இல்லாதவர்கள், டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை எடுக்கலாம், நமக்குப் பழகிய டோலோ 650 போல. வெந்நீர் ஒத்தடத்துக்குத் தடையே இல்லை. நோய் நன்றாக அடங்கியிருக்கும்போது செலகாக்ஸிப் போன்ற மருந்தைச் சில நாளைக்கு மட்டும் டாக்டரே தருவதும் உண்டு. அது அவர் கணக்குப் போட்டுத் தருவது, கடையில் வாங்கி நாமாகத் தொடர்வதற்கு இல்லை. பாராசிட்டமாலுக்கு வலி மசியவில்லை என்றால், மாத்திரையின் வீரியத்தைக் கூட்டுவதைவிட அழற்சிக்கான வைத்தியத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்பதுதான் சரி.

"வயிறு நல்லா இருக்கே" என்ற கணக்கு

முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் ஒன்றிரண்டு திடீரென்று வீங்கினால் அது பெரும்பாலும் குடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். குடல் அடங்கினால் சில வாரங்களில் மூட்டும் அடங்கும், மூட்டு தேய்ந்துபோவது அபூர்வம். கைவிரல் போன்ற சின்ன மூட்டுகள் பல ஒன்றாக வலிக்கும் வகை அப்படியில்லை. குடலைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். முதுகெலும்பும் தன் போக்கில்தான் போகும். அதனால் மோஷன் ஒழுங்காகப் போகிறது, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற மலப் பரிசோதனை நார்மல் என்பதற்காக முதுகில் அழற்சி இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுபக்கம், முழங்கால் வீங்கியதும் மூட்டுக்கு மட்டும் வைத்தியம் தேடி ஓடுபவர், குடல் மறுபடி கிளம்புகிறதா என்று பார்க்கத் தவறுகிறார்.

ஸ்டீராய்டு

போன தடவை மிச்சமான பிரெட்னிசலோன் டப்பாவில் இருக்கும். இரண்டு போட்டால் முதுகு லேசாகும் என்று அனுபவத்தில் தெரியும். அப்புறம் கை சும்மா இருக்காது. ஆனால் முதுகெலும்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு மாத்திரை நீண்டகால வைத்தியமே இல்லை. நாள்பட எடுத்தால் எலும்பு மெலியும். முதுகெலும்பு நசுங்கி, புதிதாக ஒரு முதுகுவலி வரும். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதும் உண்டு. அந்த வலி அநேகமாகத் தொடை இடுக்கில் தெரியும், நடந்தால் கூடும். ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் தொடை இடுக்கில் வலி என்றால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உயிருக்கே உலை வைக்கலாம். படிப்படியாகக் குறைக்கும்போதுகூடச் சிலருக்கு உடம்பெல்லாம் மூட்டு மூட்டாக வலிக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து நாமே அளவைக் கூட்டிவிடக் கூடாது, போன் போட்டுக் கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஸ்டீராய்டோ வலி மருந்தோ கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கும் பொடி என்றால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு டாக்டர், ஒரு சீட்டு

முதுகெலும்பு அழற்சிக்கு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு அழற்சி டாக்டர்) தரும் மருந்துகள் எல்லாம் குடலுக்கு ஒத்துவருவதில்லை. எடனர்செப்ட் மூட்டுக்குக் கேட்கும், குரோனுக்குக் கேட்காது. செக்குகினுமாப் குரோனைக் கிளப்பிவிடக்கூடும். எதிர்ப்பக்கத்தில், குடலை மட்டும் குறிவைக்கும் வெடோலிஸுமாப் முதுகுக்குப் பெரிதாக உதவாது. சல்ஃபாசலஸின் கை கால் மூட்டுகளுக்கு உதவலாம், முதுகெலும்புக்கு இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் இரண்டு பக்கமும் வேலை செய்யும். உபடாசிட்டினிபும் அப்படித்தான். இதையெல்லாம் நோயாளி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லா மருந்தின் பெயரும் எழுதிய ஒரே சீட்டை இருவரிடமும் காட்டி, "இது குடலுக்கும் சரிதானா?", "இது முதுகுக்கும் கேட்குமா?" என்று கேட்டால் போதும்.

எல்லா வலியையும் குரோன் கணக்கில் எழுதுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. நோய் பிடிபட்ட பிறகு, வருகிற வலியெல்லாம் அதுதான் என்று விட்டுவிடுவது.

அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவை அடங்கிக் கிடக்கும் காசநோயைத் தட்டி எழுப்பக்கூடியவை. நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆரம்பிக்கும் முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் அல்லது ரத்தப் பரிசோதனை எடுப்பதே இதற்காகத்தான். டெஸ்ட் நார்மலாக இருந்தவருக்கும் பிறகு வரலாம். புது முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறக்கம் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும்.

வலது இடுப்பில் வலி, காலை நீட்டினால் உயிர் போகிறது, முழங்காலை மடக்கிப் படுத்தால்தான் நிம்மதி என்றால் அது மூட்டு இல்லாமலும் இருக்கலாம். குடலிலிருந்து புரை ஓடி, முதுகிலிருந்து தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசையில் சீழ் கட்டினால் இப்படித்தான் வலிக்கும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல்கூடச் சரியாகக் காட்டாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலி. சிறுநீர் நின்றுபோவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவையும் அப்படியே.

சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதை வெட்டி எடுத்தவர்களுக்கும் சிறுநீரகக் கல் எளிதில் வரும், விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலை அலையாக வலி இறங்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும்போது குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் வலித்தால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் அது அறுந்தே போகலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் ஆரம்பித்த முதல் சில வாரத்தில் காய்ச்சலோடு மூட்டு வலித்தால் மருந்தின் ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்கும் உடனே போன்.

படுத்தே கிடப்பதும் முறுக்கி எடுப்பதும்

அழற்சி வலிக்கு ஓய்வு எதிரி. காலையில் வெந்நீர்க் குளியல், அப்புறம் முதுகை நீட்டி மடக்கும் பயிற்சி, மூச்சை இழுத்து நெஞ்சை விரிப்பது, முடிந்தால் நீச்சல். பிசியோதெரபிஸ்ட்டிடம் "டிஸ்க் இல்லை, அழற்சி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பயிற்சியே மாறும். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் மட்டும் அதற்கு ஓய்வு.

இதமாக எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பதும், சடக்கென்று திருகி நெட்டி எடுப்பதும் வேறு. ஒட்டிப்போன அல்லது மெலிந்த முதுகெலும்பு அதில் உடையலாம். எலும்பு விஷயத்தில் வைட்டமின் டி அளவையும், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள் எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிகரெட்டை நிறுத்தச் சொல்வது வழக்கமான அறிவுரை போலக் கேட்கும், ஆனால் குரோனை நேரடியாக மோசமாக்கும் பழக்கம் அது.

கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த முதுகு அழற்சி உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்பகுதியிலும் அழற்சி வரலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றக் கூடாது. மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் பீளையும்தான் அதிகம், இப்படி ஆழமாக வலிக்காது. அன்றைக்கே கண் டாக்டரிடம் போய், குரோன் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.