சுலைமானியே பள்ளிவாசல்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்தான்புல்லில் நீலப் பள்ளிவாசலைப் பார்த்த கையோடு, "இதுவும் ஒரு பள்ளிவாசல்தானே" என்று சுலைமானியேவை அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஆனால் இது ஒற்றைக் கட்டடம் இல்லை. ஒட்டோமான் சுல்தான் சுலைமானுக்காக, அவருடைய தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1550-இல் தொடங்கிய வேலை இது. பள்ளிவாசல் 1557-இல் திறக்கப்பட்டது. சுற்றிலும் மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு போட்ட அன்னசாலை, ஹமாம் என்ற பொதுக் குளியலகம் எல்லாம் உண்டு. பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. வெளியே ஒரு சுற்று நடக்காமல் திரும்புவதுதான் பெரிய தவறு.

உள்ளே போனதும் சுவரெல்லாம் நீல ஓடுகளைத் தேடாதீர்கள். இஸ்னிக் ஊரில் செய்த வண்ண ஓடுகள் இங்கே கிப்லாச் சுவரில், அதாவது தொழும்போது மக்காவை நோக்கி நிற்கும் பக்கத்துச் சுவரில் மட்டும்தான். நிமிர்ந்து பாருங்கள். சுமார் 53 மீட்டர் உயரத்தில் நிற்கும் குவிமாடத்தை நான்கே பெருந்தூண்கள் தாங்குகின்றன. அதன் பளு பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க முட்டுச்சுவர்கள் வேண்டும். சினான் அவற்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பக்கச் சுவர்களோடு சேர்த்து, இடையே தூண் வரிசை கொண்ட மாடங்களை வைத்து மறைத்துவிட்டார். அதனால்தான் கூடம் அவ்வளவு லேசாகத் தெரிகிறது. அந்தச் சுவர்களை உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை நின்று பார்த்தால்தான் அவருடைய சாமர்த்தியம் பிடிபடும்.

தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்திருப்பது நல்லது.

அப்புறம், அடக்கத்தலங்கள். சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரமும் பள்ளிவாசலுக்குப் பின்புறத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் தோட்டம் வரை பலர் போய்ப் பார்த்துவிடுகிறார்கள். சினானைத்தான் விட்டுவிடுகிறார்கள். வளாகத்தின் மதிலுக்கு வெளியே, வடக்கு மூலையில், தெரு பிரியும் இடத்தில் அவருடைய சிறிய கல்லறை இருக்கிறது. அங்கே போகாமல் வராதீர்கள்.

சாப்பாட்டுக்கு உடனே கடைவீதிக்கு இறங்கிவிட வேண்டாம். எதிரே, பழைய மதரஸாக்களை ஒட்டிய வரிசையில் குரு ஃபசுல்யே என்ற வெள்ளை பீன்ஸ் குழம்பைச் சோற்றோடு தருகிறார்கள். கொஞ்சம் நடந்தால் வெஃபா பகுதி. தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் போஸா என்ற கெட்டியான பானத்துக்கு 1876 முதல் இருக்கும் கடை அங்கேதான்.