பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கலாமா? காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

எந்த விளையாட்டு என்று முதலில் சொல்லுங்கள், பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். காரைக்குடியில் நான் வைத்திருக்கும் டிவி பழுதுபார்க்கும் கடைக்கு வந்து, பழைய வீடியோ கேம் வாங்கலாமா என்று யோசனை கேட்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்றால் 1985இல் வந்த ஆட்டம். நின்டெண்டோ ஃபேமிகாமோ அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டியோ போதும். சோனிக் என்றால் 1991. அதற்குச் சேகா மெகா டிரைவ் வேண்டும். சான் ஆண்ட்ரியாஸ் என்றால் 2004, பிளேஸ்டேஷன் 2. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, தொல்லையும் வேறு.

ஆட்டத்தின் பெயர் நினைவில்லாமல், "சின்ன வயதில் விளையாடியது, ஏதாவது ஒன்று" என்று கேட்பவரை நான் வாங்க விடுவதில்லை. சோனிக்கும் சான் ஆண்ட்ரியாஸும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இருவர் சேர்ந்து விளையாடும் சுடும் ஆட்டமான காண்ட்ராவை 2019இல் கொனாமி நிறுவனம் தொகுப்பாக மறுபடி வெளியிட்டது. அங்கே சில நாள் விளையாடிப் பாருங்கள். ஆசை அதோடு தீர்ந்துவிட்டால் பணம் மிச்சம். தீரவில்லை, அந்தப் பெட்டியையும் அதில் செருகும் ஆட்ட கேசட்டையும் கையில் பிடித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

அடுத்தது டிவி. பெட்டியைவிட இது முக்கியம் என்பேன். அந்தக் காலத்து வீடியோ கேம்கள் எல்லாம் பிக்சர் டியூப் டிவிக்காகவே செய்யப்பட்டவை. சுவரில் மாட்டிய எல்இடி டிவியில் இணைத்தால் சில டிவிகள் படத்தையே ஏற்காது. ஏற்றாலும் கோடுகள் துடிக்கும், எழுத்து மங்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது தாமதம். புதிய டிவி படத்தை உள்வாங்கிப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்திய பிறகு மாரியோ சற்றுப் பிந்திக் குதிப்பான், பள்ளத்தில் விழுவான். விளையாடுபவர் தன் கைக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கையில் குற்றமில்லை.

துப்பாக்கி வைத்துச் சுடும் வாத்து ஆட்டம் வேண்டுமென்றால் பிக்சர் டியூப் டிவி இல்லாமல் நடக்கவே நடக்காது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியின் சிறு பகுதிக்குக் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் அடி விழுந்தது என்று கணக்கு. எல்இடி திரையில் அந்த வெளிச்சம் சரியான நேரத்துக்கு வருவதில்லை. துப்பாக்கி பழுது என்று யாராவது கொண்டுவந்தால், நான் முதலில் அவர் வீட்டு டிவி எது என்றுதான் விசாரிப்பேன்.

நல்ல வேளையாக, நம் ஊரில் டியூப் டிவிக்கு அலைய வேண்டியதில்லை. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் பல வீடுகளில் பரணிலும், காயலான் கடைகளிலும் கிடக்கின்றன. இரும்பு விலைக்கு உடைக்கப்படுவதற்கு முன் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு மஞ்சளும் ஒலிக்கு வெள்ளையுமாக ஏவி துளைகள் இருக்க வேண்டும். கேபிள் ஒயர் செருகும் துளை மட்டும் இருந்தால் வேலை கூடும். அந்த டிவியை நீங்களாகத் திறக்க வேண்டாம். அணைத்து வைத்த பிறகும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், கையை வைத்தால் தூக்கி எறிந்துவிடும்.

மூன்றாவது மின்சாரம். செட்டிநாட்டில் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே வரும் பழைய பெட்டிகளில் பாதி சிங்கப்பூர், மலேசியா சாமான். தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடந்த வீட்டைத் திருவிழாவுக்காகத் திறந்து, இரண்டாங்கட்டு அறையைத் துப்புரவு செய்யும்போது அட்டைப்பெட்டியோடு ஒன்று அகப்படும். சிங்கப்பூர் மின்சாரமும் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான், அந்தக் காலத்து டிவி ஒளிபரப்பு முறையும் நம்முடையதைப் போல ‘பால்’ (PAL) தான். ஆனால் பெட்டி சிங்கப்பூரில் வாங்கியது என்பதாலேயே அது அந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று நம்பிவிடக் கூடாது. ஜப்பான் சரக்கும் அங்கே தாராளமாக விற்றது. ஜப்பானில் 100 வோல்ட். அந்த அடாப்டரை இங்கே நேராகச் செருகினால் புகைதான்.

அடாப்டரின் அடியில் இருக்கும் சிறு எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். உள்ளே எத்தனை வோல்ட் வாங்குகிறது என்பதோடு வெளியே என்ன கொடுக்கிறது என்பதையும் பாருங்கள். ஜப்பானிய ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி வேண்டும். முள்ளின் நடுப்பகுதி எதிர்முனை. அதே நிறுவனம் அமெரிக்காவுக்குச் செய்த என்இஎஸ் பெட்டியின் அடாப்டர் கொடுப்பது 9 வோல்ட் ஏசி. மாற்றிப் போட்டால் ஃபேமிகாமின் உள்பலகை வெந்துவிடும். "துளைக்குள் சரியாகப் போகிறதே அண்ணன்" என்று கேட்காதீர்கள். துளைக்குள் போவதெல்லாம் பொருத்தமானதல்ல.

முதலில் வந்த ஜப்பானிய ஃபேமிகாமில் இன்னொரு சங்கடம் உண்டு. அதில் ஏவி வெளியீடு கிடையாது, ஆண்டெனா வழியாகத்தான் படம். அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நம் டிவிக்கு 5.5. எப்படியோ தேடிப் படத்தைப் பிடித்தாலும் ஒலிக்குப் பதிலாக இரைச்சல்தான் வரும். உள்ளே ஒரு சிறு பலகை வைத்து ஏவி ஆக்கிக்கொள்ளலாம். அந்தச் செலவையும் கூட்டிக்கொண்டு விலை பேசுங்கள்.

இனி, சோதிக்கும் முறை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குக்கும் மரச் சிற்பத்துக்கும் இடையில் எப்போதாவது ஒரு வீடியோ கேம் தலைகாட்டும். அங்கே விலை அழகுக்குச் சொல்வார்கள். அழகுக்காக வாங்குபவருக்கு அது நியாயம்தான். விளையாட வாங்குகிறீர்கள் என்றால் ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய், ஓட்டிக் காட்டினால்தான் காசு என்று சொல்லுங்கள்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் எடையைப் பாருங்கள். காற்றடைத்த டப்பா போல இலேசாக இருந்தால் பெரும்பாலும் நகல். திருகுகளைக் கழற்ற விட்டால் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும்: அசலில் கால்கள் வைத்த தனித்தனிச் சில்லுகள் அகன்ற பலகையில் வரிசையாக இருக்கும். பிற்கால நகலில் உள்ளங்கைக்கும் சிறிய பலகை, நடுவில் கறுப்புத் தாரை ஊற்றியது போல ஒரு பொட்டு. மொத்தக் கணினியும் அந்தப் பொட்டுக்கு அடியில்தான். அது கெட்டால் பழுதுபார்க்க வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். நகலை இழிவாக நினைப்பவன் அல்ல நான். 90களில் நம் பிள்ளைகள் விளையாடியது பெரும்பாலும் நகலில்தான், மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அசலின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். "99999 இன் 1" கேசட்டில் அத்தனை ஆட்டம் இருக்காது. சில பத்து ஆட்டங்களே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும்.

ஓடவிட்ட பிறகு உடனே அணைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓடட்டும். சூடேறியதும் படம் கலங்குகிறதா, கேசட்டை இலேசாகத் தொட்டால் திரை உறைகிறதா என்று கவனியுங்கள். உள்பலகையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் கசிந்த பெட்டியில் ஒலி மங்கும், திறந்தால் மீன் வாடை போல ஒன்று அடிக்கும். கெபாசிட்டரை மாற்றிவிடலாம், கசிந்த திரவம் பலகையின் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள், இரண்டாவது ரிமோட்டையும் சேர்த்து. காண்ட்ராவை ஒற்றை ஆளாக விளையாடுவதற்கா இத்தனை பாடு?

பிளேஸ்டேஷன் 2 என்றால் சோதனை சுருக்கம்: ஒரு சிடி ஆட்டம், ஒரு டிவிடி ஆட்டம் இரண்டையும் போடுங்கள். லேசர் தேய்ந்திருந்தால் ஒன்றைப் படிக்கும், மற்றதைப் படிக்காது. பால் முறை மெகா டிரைவில் சோனிக் 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 படம்) ஓடுவதால் ஜப்பானியப் பெட்டியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக இருக்கும், பாட்டும் இழுக்கும். அது பழுதல்ல.

பிள்ளைகளுக்காக வாங்குகிறேன் என்று வருகிற ஆச்சிமார்களுக்கு நான் பழைய பெட்டியைச் சொல்வதில்லை. புதிய டிவியில் நேராகச் செருகும் எச்டிஎம்ஐ வைத்து நின்டெண்டோ 2016இல் விட்ட சிறிய பெட்டியில் 30 ஆட்டங்கள் உள்ளேயே இருக்கின்றன; அடுத்த ஆண்டு வந்ததில் 21. இப்போது உற்பத்தியில் இல்லை, போலிகள் உண்டு, ஆனால் நல்லது கிடைத்தால் செருகினோம் விளையாடினோம் என்று முடிந்துவிடும்.

வாங்கி வந்த பிறகு கேசட்டை ஊதிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாயின் ஈரம் முனைகளை அரிக்கும். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சில் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் செருகுங்கள். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளில் உள்ளே நாணய வடிவ பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும், ஆட்டம் மட்டும் வழக்கம் போல ஓடும். வாங்கும்போதே ஒரு முறை சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பேட்டரி மாற்றச் சிறு செலவுதான், எந்த டிவி மெக்கானிக்கும் செய்து கொடுப்பார்.