“அதான் சரியாயிடுச்சே!” – மனச்சோர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல வெளிநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆலோசகர்கள் மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசுவது பக்கத்து மேசையில் இருக்கும் எனக்குக் கேட்கிறது. சேர்ந்த புதிதில் நான் பேசியதும் இதேதான். “தைரியமா இருங்க” என்று சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். நாம் தெரியாமல் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

காரணத்தைத் தோண்டுவது

“சொந்த வீடு, தங்கமான பிள்ளைங்க, இவளுக்கு என்ன குறை?” என்று வீட்டார் கேட்டதும் நாமும் கடன், மாமியார் என்று துருவ ஆரம்பிக்கிறோம். சிலருக்குக் காரணம் இருக்கும். பலருக்கு எதுவும் கைக்குச் சிக்காது. தைராய்டு குறைந்தாலும் இதே அசதி வரும், அந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா. நெஞ்சு கனம், உடம்பு வலி என்று இசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தார். டாக்டர் மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதினார். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது. அப்புறம் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை ஆர்டரைத் தைக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அண்ணன், “அதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு? பழக்கமாயிடும்” என்றார்.

ஒரே நாளில் நிறுத்தியாயிற்று. தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல ஓர் உணர்வு, தொட்டதற்கெல்லாம் கோபம். “பாருங்க, அடிமையாக்கிடுச்சு” என்றது வீடு. அது அடிமைத்தனம் இல்லை. திடீரென நிறுத்தியதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. டாக்டர் சொல்படி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் இவ்வளவு பட்டிருக்க வேண்டியதில்லை. சில வாரத்தில் நோயும் திரும்பியது. ஜூன் மாத ஆர்டர் கைவிட்டுப் போனது.

அந்த அண்ணனிடம் யாரும் எதையும் விளக்கவில்லை என்பதுதான் விஷயம். மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் தடவை வந்தவர்கள்கூட நன்றான பிறகு குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பதைச் சீட்டு எழுதும் அன்றே வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பழக்கமாகக்கூடியது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சில வாரத்துக்கு மட்டும் கூடவே எழுதும் குளோனாசெபாம் போன்ற மாத்திரை. வீட்டில் இரண்டுக்கும் ‘தூக்க மாத்திரை’ என்றே பெயர். இரண்டு அட்டையையும் மேசையில் வைத்துக் காட்டுங்கள். தொடர வேண்டியதன் மேல் ‘நீங்களாக நிறுத்தாதீர்கள்’ என்று பேனாவால் எழுதியே கொடுத்துவிடுவேன் நான்.

கல்யாணம் பண்ணி வைத்தால்?

இன்னொருவரும் சேர்ந்து கஷ்டப்படுவார்.

கோயில், தர்கா

போகட்டும். மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும்.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும், தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ராத்திரி வேளையில் கூப்பிட அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். வீட்டார் போனில் அதைப் பதிந்து கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.