ஒளிச் சமிக்ஞை பழகச் சில டோர்ச் போதும்

விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளை லீவுக்கு மலைக்கு வந்தால், ரேடியோ வேலை செய்யாதபோது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிக்கு நிற விளக்கால் காட்டும் ஒளிச் சமிக்ஞைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். இரண்டு டோர்ச்சில் வெசாக் கூடு கட்டும் சிவப்பு, பச்சைக் கண்ணாடித்தாளை ஒட்டி, பொழுது சாய்ந்ததும் எதிர்த் தேயிலைச் சரிவிலிருந்து யாராவது காட்டட்டும். வெள்ளைக்கு வெறும் டோர்ச். ஒவ்வொரு முறையும் 'வானத்தில்' அல்லது 'தரையில்' என்று போனில் முதலில் சொல்லிவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

ஏனென்றால் ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம். அணையாத பச்சை என்றால் வானத்தில் இருப்பவர் இறங்கலாம், தரையில் இருப்பவர் மேலெழலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் வானத்தில் இருப்பவர் இறங்குவதற்குத் திரும்பி வர வேண்டும், தரையில் இருப்பவர் ஓடுபாதைப் பக்கம் நகரலாம். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பதிலுக்குத் தன் டோர்ச்சை இரண்டு தரம் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். இரவில் விமானி இறங்கு விளக்கால் செய்வதும் அதுவே. பகலில், பறக்கும்போது இறக்கையை ஆட்ட வேண்டும்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் இது சரிவராது, நிறம் மங்கிவிடும். ரேடியோவில் பேசும் பழக்கமும் இதில் வராது; அதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும்.